பென்டிரைவ் அண்ணன்

தாம்பரத்திலிருந்து ஒரகடம் போகும் எந்தக் கம்பெனி பஸ்ஸிலும் டிரைவருக்குப் பின் சீட்டு இவருக்குத்தான். நாற்பத்தைந்தைத் தாண்டிய சீனியர். கழுத்தில் ஐடி கார்டோடு ஒரு பென்டிரைவும் ஆடும். படப்பை வருவதற்குள் அது ஸ்டீரியோவில் ஏறிவிடும். பாட்டு போடச் சொல்லி யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனாலும் கேட்டாக வேண்டும்.

அண்ணனின் இசை வாழ்க்கை ஊரில் ஒரு ரெக்கார்டிங் சென்டரில் தொடங்கியது. 60 நிமிட கேசட்டில் பக்கத்துக்கு 30 நிமிடம். மிஞ்சிப்போனால் 13 பாட்டு. ஒன்றைச் சேர்த்தால் இன்னொன்றை வெட்ட வேண்டும். பட்டியலை எழுதி, அடித்து, மறுபடி எழுதியே பாதி ராத்திரி போகும். ஆனால் அந்தப் பாட்டுகளின் இடையிசையில் தபேலா எங்கே நுழையும் என்பதுவரை அத்துப்படி.

2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா செல்போன் ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. செல்போன் கடைகளில் மெமரி கார்டில் பாட்டு ஏற்றும் காலமும் வந்தது. "என்ன பாட்டு வேணும்ணே?" என்றான் கடைப் பையன். "எல்லாம்" என்றார் அண்ணன். விழுந்தது அங்கேதான். 2014-ல் அந்த ஆலையே மூடப்பட்டது. அண்ணன் ஏற்றுவதை நிறுத்தவில்லை.

இப்போது 32 ஜிபி. பாட்டுக்கு 5 எம்பி என்றாலும் ஆறாயிரத்துக்கு மேல் தேறும். எதையும் முழுதாக ஓடவிட மாட்டார். பல்லவி முடியுமுன்பே, "இருங்க, இதவிட ஒண்ணு இருக்கு" என்று அடுத்ததற்குத் தாவிவிடுவார்.

அண்ணன் வேலை பார்க்கும் ஆலையில், பணியிடத்தை ஒழுங்காக வைக்கும் 5எஸ் முறைக்கு இவர்தான் குழுத் தலைவர். முதல் எஸ், வேண்டாததைப் பிரித்து அகற்றுவது. லைனில் ஒரு ஸ்பேனர் கூடுதலாகக் கிடந்தாலும் சிவப்புச் சீட்டு ஒட்டுவார். பென்டிரைவிலோ 'ராஜா மழை', 'ராஜா மழை புதுசு', 'ராஜா மழை ஒரிஜினல்' என்று மூன்று ஃபோல்டர்கள். மூன்றிலும் அதே பாட்டுகள். 'ரகுமான் மெலடி'யைத் திறந்தால் தேவாவின் கானா வரும்.

பாகங்கள் தேவைப்படும் நேரத்தில்தான் லைனுக்கு வரவேண்டும், தேக்கினால் நஷ்டம் என்று புதுப் பையன்களுக்கு வகுப்பெடுப்பவரும் இவரே. ஒரு கான்ட்ராக்ட் பையன் மடக்கினான்: "பாட்டும் அப்படித்தானேண்ணே? வேணுங்கும்போது போன்ல வருதே!"

"சந்தா கட்டலன்னா உன் பாட்டு நின்னுடும் தம்பி. என்னுது நிக்காது."

"உங்களுதுதான் பல்லவியிலயே நின்னுடுதேண்ணே!"

பஸ்ஸே சிரித்தது. அண்ணன் அடுத்த பாட்டுக்குத் தாவினார்.

போன் வைத்திருக்கும் பையனும் அப்படித்தான் தாவுகிறான் என்பது வேறு கதை. இடம் குறைவாக இருந்தவரை அண்ணன் ரசிகர். இடம் பெருகியதும் குடோன் கீப்பர். உங்களிடமும் இப்படி ஒரு பென்டிரைவ் இருந்தால், மனசுக்குப் பிடித்த 13 பாட்டை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்துக்குச் சிவப்புச் சீட்டு ஒட்டிவிடுங்கள்.