பரணிறங்கு கணினியின் காலம்: புளியந்தோப்புச் சான்றுகளை முன்வைத்து

பரணிறங்கு கணினி என்பது, 1990களின் இறுதியிலோ அதையடுத்த சில ஆண்டுகளிலோ சென்னை ரிச்சி தெருவில் உதிரி உதிரியாக வாங்கி அசெம்பிள் செய்யப்பட்டு, ஆயுதபூசைதோறும் பொட்டு வைக்கப்பட்டு, மடிக்கணினி வந்ததும் பரணேற்றப்பட்டு, பல்லாண்டு கழித்து உரியவராலேயே மீண்டும் மின்சாரம் ஊட்டப்பெறும் பெட்டியாகும். மழைக்காலத்தில் வீட்டுக்குள் நீர் புகும் வடசென்னைப் புளியந்தோப்பில் நனையக் கூடாதவையே பரணேறும் என்பதால், பரணேற்றத்தைப் புறக்கணிப்பு எனக் கொள்வார் கூற்று ஈண்டுப் பொருந்தாது.

மீள்வோர் மூவகையினர். விளையாட்டுக்காக மீள்வோர் ஆய்வாளரின் கேள்விக்குத் திரும்பியும் பார்ப்பதில்லை. விசைப்பலகைக்காக மீள்வோர், டிவிஎஸ் கோல்டின் 'டக்' ஒலி கேட்டாலன்றிக் கடிதம் எழுத வராதவர். கோப்புக்காக மீள்வோர் நிலையோ இரங்கத்தக்கது. யூனிகோடுக்கு முன், ஒவ்வொரு மென்பொருளாரும் தமிழ் எழுத்துகளுக்குத் தத்தம் விருப்பப்படி எண் ஒதுக்கியிருந்தமையால், அன்று தட்டச்சிட்ட கல்யாணப் பத்திரிகை அதே எழுத்துரு இல்லாத கணினியில் ரோமன் எழுத்தும் குறிகளுமாகச் சிதறித் தோன்றும். 1999இல் சென்னையில் கூடிய தமிழிணையம் 99 மாநாடு இக்குழப்பம் தீர ஒரு குறியீடு போதாதென்று தாம், தாப் என இரண்டைத் தந்தது.

பீப் ஒலி மட்டும் எழுந்து திரை இருண்டிருப்பின், ரேம் எனப்படும் நினைவகப் பட்டையைக் கழற்றி, அதன் பொன்னிற விளிம்பைப் பள்ளிப் பிள்ளையின் ரப்பரால் தேய்த்துச் செருகுதல் மரபு (மானிட்டர் அட்டைப்பெட்டி, மேல்மடல், பால்பாயிண்ட் எழுத்து, வரி 2). விளிம்பில் படிந்த அழுக்கு நீங்குவதால் இது பலிக்கிறது.

இனி, அறிஞருலகைப் பிளந்துள்ள காலச்சிக்கலுக்கு வரலாம். தாய்ப்பலகையிலுள்ள சி.ஆர். 2032 என்னும் வட்ட மின்கலமே, இணைப்பைப் பிடுங்கிய பின்னும் கடிகாரத்தை ஓட்டுவது. அது தீர்ந்ததும் கணினி நாள் மறக்கிறது. டாஸ் இயங்குதளத்தின் நாட்கணக்கு 1980 ஜனவரி 1இல் தொடங்குவதால், நினைவிழந்த கணினிகள் பலவும் அந்நாளையே அறிவிக்கின்றன. அகச்சான்றே தலையாய சான்று என்னும் தொன்மைக் கட்சியார் இதை அப்படியே ஏற்று, ஐபிஎம் பீசி விற்பனைக்கு வந்ததே 1981 ஆகஸ்டில்தான் ஆகலின், புளியந்தோப்புக் கணினி அதற்கு ஒன்றரை ஆண்டு மூத்தது என்றும், ஐபிஎம் இங்கிருந்தே கற்றது என்றும் நிறுவுவர். உள்ளிருப்பது பென்டியம் 3 சில்லு, அது வெளிவந்தது 1999 என எதிர்க்கட்சியார் காட்டினால், சில்லு பிற்கால இடைச்செருகல் என விடை வரும். விலைச்சீட்டிலேயே 2001 எனத் தெளிவாக உள்ளதே எனின், அது ஏடெழுதியோர் பிழை (விலைச்சீட்டு, பின்பக்கம், தேநீர்க் கறைக்குக் கீழ்; கறையற்ற கார்பன் படியில் பாடம் மாறுவதில்லை எனினும், கறையுள்ள படியே மூத்தது என்பர்; கறை ஒரு குவளையதா இரு குவளையதா என்பது தனி ஆய்வுக்குரியது). அவ்வட்டாரத்தில் பக்கிங்காம் நூற்பாலை எழுந்த 1870களுக்கே கணினியைத் தள்ள முயலும் தீவிரரும் உளர். அவர்களுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுதல் நன்று. நூல்களின் காலத்தை நூற்றாண்டுக் கணக்கில் முன்னும் பின்னும் நகர்த்திப் பழகிய கைகளுக்கு இந்த இருபது ஆண்டு ஒரு பொருட்டன்று என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

மேற்படி மின்கலம் 3 வோல்ட் உடையது, கைக்கடிகாரக் கடையிலும் கிடைப்பது, ஒரு நிமிடத்தில் மாற்றத்தக்கது. மாற்றி நாளைத் திருத்திவிட்டால் சிக்கல் முழுவதும் மறைந்துவிடும் ஆதலால், தொன்மைக் கட்சியாரின் ஆய்வேடு பல்கலைக்கழகத்தில் ஏற்கப்படும்வரை அதனை எவரும் மாற்றாதிருக்குமாறு புளியந்தோப்பு வாசகர்கள் வேண்டிக்கொள்ளப்படுகிறார்கள்.