அலுப்பு என்பது அடுத்தவர் ஆட்டம்

பார்க்கச் சலிப்பான விளையாட்டு எது என்று கேட்டால், ஒவ்வொருவரும் பக்கத்து வீட்டுக்காரர் பார்ப்பதைத்தான் சொல்வார். தொண்ணூறு நிமிடம் ஓடியும் ஒரு கோல் இல்லையே என்று கால்பந்தைப் பழிப்பவர், ஐந்து நாள் டெஸ்ட் டிராவில் முடிந்தால் ‘அடடா, என்ன போராட்டம்!’ என்று உருகுவார். 1939இல் டர்பனில் இங்கிலாந்தும் தென்னாப்பிரிக்காவும் நாள் வரம்பின்றி ஆடிய டெஸ்ட் பத்தாம் நாளிலும் முடியவில்லை. இங்கிலாந்து அணி கப்பலைப் பிடிக்க வேண்டும் என்பதால் கைவிட்டார்கள். அந்தக் கப்பல்காரருக்குக் கோயில் கட்டியிருக்கலாம்.

செஸ் ரசிகர்கள் தனி ரகம். 2018இல் லண்டனில் கார்ல்சனும் கருவானாவும் மோதிய உலகப் பட்டப் போட்டியில் 12 கிளாசிக்கல் ஆட்டங்களும் டிரா. அதையும் அசையாமல் பார்த்தார்கள், ஆடியவர்களைவிடக் குறைவாகவே அசைந்து. பிறகு 2024இல் சிங்கப்பூரில் நடந்த உலகப் பட்டப் போட்டியில் குகேஷ். கடைசி ஆட்டத்தில் டிங் லிரென் யானையை நகர்த்தியதும் யார் கை ஓங்கியிருக்கிறது என்று காட்டும் திரையோரப் பட்டை, கறுப்பில் ஆடிய குகேஷ் பக்கம் சரிந்தது. குதிரை எப்படித் தாவும் என்றே தெரியாத சித்தப்பாமார்கூட, ‘முடிஞ்சுது கதை’ என்று டிங்குக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டார்கள். அவர்கள் பார்த்தது செஸ் அல்ல, பட்டை.

என் ஓட்டு கபடிக்கு. ஒரு ரெய்டு முப்பதே விநாடி. போனவர் திரும்பினாரா இல்லையா, அவ்வளவுதான். நிபுணர் விளக்கம் தேவையில்லை. கொடுத்தாலும் கேட்காதீர்கள்.