வெளுத்து வருவேன் என்று பார்த்திருக்காதீங்க

மெல்பேர்ன்

அன்புள்ள உம்மாவுக்கு,



"குளிர் நாட்டுக்குப் போறாய், கொஞ்சம் வெளுத்து வா" என்று சொல்லி அனுப்பினீங்க. அந்த ஆசையை விட்டுடுங்க. இங்கே காற்று குளிருது, வெயில் சுடுது. தோலைக் கெடுப்பது சூடு இல்லையாம், கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிராம். மழை வருமா என்று சொல்வதைப்போல அதன் அளவையும் தினம் சொல்கிறார்கள். எண் 3ஐத் தொட்டால் சனம் கிறீமைத் தூக்கிவிடும். 70 வயதுக்குள் மூவரில் இருவருக்குத் தோல் புற்றுநோய் வரும் என்பது இந்த நாட்டுக் கணக்கு. அதனால் 1981இலேயே கார்ட்டூனில் ஒரு கடற்காகத்தை ஆடவிட்டு, 'சேர்ட் போடு, கிறீம் பூசு, தொப்பி வை' என்று ஊருக்கெல்லாம் பாட்டுப் படித்துக் கொடுத்தார்கள். பள்ளிக்கூடத்தில் தொப்பி இல்லாத பிள்ளைக்கு வெயிலில் விளையாட்டும் இல்லை.

போன ஞாயிறு கூட்டாளி ஒருவன் இங்கே ஃபிட்ஸ்ரோய் என்ற பகுதிக்குக் கூட்டிப் போனான். ஒருகாலம் ஏழைகள் நெருக்கியடித்துக் கிடந்த இடம், இப்போது நாகரிகக்காரர் திரிகிற இடம். அதன் ஓரத்து ஸ்மித் வீதிதான் உலகத்திலேயே ஜோரான வீதி என்று 2021இல் 'டைம் அவுட்' சஞ்சிகை எழுதியது. பிரன்ஸ்விக் வீதிக் கடையொன்றின் கண்ணாடிக்குள் முழங்கால் கிழிந்த காற்சட்டை, நிறம் போன சேர்ட். எல்லாம் யாரோ உடுத்துக் கழித்தது. விலையைப் பார்த்தால், வாப்பா கடலுக்குப் போட்ட சேர்ட்டை அடுப்புத் துணியாக்கியதற்கு அழுவீங்க.

அடுத்த கடையில் முத்து மாலை. "நான் இலங்கையில் கொண்டச்சிக்காரன். எங்கட குடாவில் முத்துக் குளிப்பதைப் பார்க்க பிரிட்டிஷ் கவர்னர் நோர்த்தே பக்கத்து அரிப்பில் மாளிகை கட்டினவர்" என்றேன். கடைக்காரப் பிள்ளை மரியாதையாகச் சிரித்து விலையைச் சொன்னது. நானும் மரியாதையாக வெளியே வந்தேன்.

வாசலில் கோப்பி குடித்த ஒருத்தி, காதுமடல், பிடரி, செருப்பு மறைக்காத பாதம் என்று ஒரு இடம் விடாமல் கிறீம் பூசினாள். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா திரும்பவும் பூச வேணுமாம். இதே சனம் முன்பு கறுப்பதற்குக் காசு கொடுத்து விளக்குப் பெட்டிக்குள் படுத்தது. புற்றுநோய்க்குப் பயந்து இந்த மாநிலம் 2015இல் அந்தக் கடைகளை மூடிவிட்டது. நம்ம ஊரில் வெளுக்கக் காசு, இங்கே கறுக்கக் காசு. அல்லாஹ் தந்த நிறம் ஒருவருக்கும் போதவில்லை.

கறுத்த தோலுக்குக் காப்பு கொஞ்சம் கூட, ஆனால் முழுக் காப்பு இல்லை. கண்ணுக்கு அதுவும் இல்லை. வருசக் கணக்காக வெயில் பட்டால் வெண்புரை சீக்கிரம் வரும். ஆகவே வாப்பா தோணி ஏறும்போது அகலத் தொப்பி, நீளக்கை சேர்ட், கறுப்புக் கண்ணாடி மூன்றும் வேணும். சனம் சிரிக்கும் என்பார். ஃபிட்ஸ்ரோயில் இதுதான் நாகரிகம் என்று சொல்லுங்க.

தங்கச்சியின் வெள்ளையாக்கும் கிறீமை இன்றைக்கே குப்பையில் போடுங்க. அப்படிப்பட்ட சில கிறீம்களில் பாதரசம் இருக்கும், அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். அவளுக்கு மாப்பிள்ளையை நிறம் கேட்காத வீட்டில் பாருங்க.

இப்படிக்கு,
உங்கள் கறுத்த மகன்