ஒரே ஒரு ஃபாலோயர் வைத்திருந்த பாணன்

1996-ல் அமேசான், 'ஆள் பிடித்துக் கொடு, கமிஷன் வாங்கிக்கொள்' என்று அசோசியேட்ஸ் திட்டத்தைத் தொடங்கியபோது ஏதோ புதுசாகக் கண்டுபிடித்ததாக நினைத்துக்கொண்டது. சங்க காலத்துப் பாணன் கேட்டிருந்தால் கொட்டாவி விட்டிருப்பான்.

பத்துப்பாட்டில் சரிபாதி இந்தத் தொழில்தான். பரிசு வாங்கித் திரும்புகிற கலைஞன், எதிரே வயிறு ஒட்டி வருகிறவனை மறித்து, 'நான் போன இடத்துக்கு நீயும் போ' என்பான். பெயர் ஆற்றுப்படை. பெற்றவன்தான் பெறாதவனுக்குச் சொல்ல வேண்டும் என்பது தொல்காப்பியர் போட்ட விதி. சரக்கைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் 'வேற லெவல் மக்களே' என்று ரீல்ஸ் போடும் வசதி அன்றைக்கு இல்லை. ஃபாலோயர் எண்ணிக்கை? எதிரே வந்த அந்த ஒருத்தன்.

சிறுபாணாற்றுப்படையையே பாருங்கள். தள்ள வேண்டிய சரக்கு, திண்டிவனம் பக்கத்து ஓய்மாநாட்டு நல்லியக்கோடன். மூவேந்தருக்கு முன்னால் பெட்டிக்கடை. நல்லூர் நத்தத்தனார் அசரவில்லை. வஞ்சி, மதுரை, உறந்தை மூன்றையும் ஆசை ஆசையாக வர்ணித்துவிட்டு, 'இவனிடம் கிடைப்பதைப் பார்த்தால் அதெல்லாம் சொற்பம்' என்று ஒரே போடு. அடுத்து மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகன், முல்லைக்குத் தேர் கொடுத்த பாரி என்று ஏழு வள்ளல்களையும் வரிசையில் நிறுத்தி, அத்தனை பேர் இழுத்த பாரத்தையும் நம்ம ஆள் தனியாக இழுக்கிறான் என்கிறார். போட்டிக் கம்பெனிகள் அன்றைக்கு வழக்குப் போடவில்லை.

'பிஃபோர்' படமும் உண்டு. இடிந்த அடுக்களை. கண் திறக்காத குட்டிகள் வற்றிப்போன மடியைச் சப்ப, வலி பொறுக்காமல் குரைக்கிறது தாய் நாய். வீட்டுக்காரி குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி வந்து உப்பில்லாமல் வேகவைக்கிறாள். ஊர் பார்த்துவிடுமே என்று கதவைச் சாத்திக்கொண்டு எல்லோரும் பங்கிட்டுத் தின்கிறார்கள். ரிங் லைட் போட்டு எடுத்த வறுமை இல்லை இது. அதனால்தான் 'ஆஃப்டர்' படத்தில் யானையும் தேரும் வரும்போது நம்பித் தொலைக்கிறோம்.

வழிச்சாப்பாட்டுக்கும் ரிவ்யூ எழுதியிருக்கிறார்: எயிற்பட்டினத்தில் சுட்ட குழல்மீன், வேலூரில் புளிச்சோறு, ஆமூரில் வெள்ளைச் சோறும் நண்டும். பொருநராற்றுப்படைக்காரர் இன்னும் நேர்மை. கரிகாலன் வீட்டில் இராப்பகலாகக் கறி தின்று, புன்செய் உழுத கொழு மாதிரி பல் மழுங்கிவிட்டது என்று பக்கவிளைவையும் சேர்த்தே சொல்லிவிடுகிறார். மலைபடுகடாத்தில் வள்ளல் நன்னன் ஊருக்குப் போகிற பாதையில் பன்றிப்பொறி, பாம்பு, பறந்து வரும் கவண்கல் எல்லாம் உண்டு என்று எச்சரிக்கை: 'நிபந்தனைகளுக்கு உட்பட்டது'.

சரி, கமிஷன்? பாட்டுக்குள் வழி சொன்ன பாணனுக்குச் சல்லிக்காசு கிடைத்ததாகத் தெரியவில்லை. பாணன் வேஷம் கட்டிய புலவர்தான் அரசன் முன்னால் பாடி வாங்கியிருக்க வேண்டும். 'இது விளம்பரம்' என்று போடச் சொல்லும் இந்திய விளம்பரத் தரக் கவுன்சிலின் நெறிமுறை 2021-ல்தான் வந்தது. புலவர்கள் தப்பித்தார்கள்.

இந்தத் தொழிலில் உச்சம் தொட்டவர் நக்கீரர். சரக்கு முருகன், கிளைகள் ஆறு, பரிசு வீடுபேறு. திருப்பித் தருகிற பேச்சே கிடையாது. கதைப்படி அவர் திருப்பரங்குன்றத்தில் ஒரு பூதத்தின் குகையில் ஆயிரமாவது கைதியாக மாட்டிக்கொண்டு திருமுருகாற்றுப்படை பாடினார். முருகன் வந்து குகையைப் பிளந்தார். பாடியவர் ஒருத்தர், ஒரு வரிகூடப் பாடாத மீதி 999 பேரும் அவர் கணக்கிலேயே வெளியே வந்துவிட்டார்கள்.