பதினான்கில் ஆறு

எங்கள் கிளை நூலகத்துக்கு வெள்ளிக்கிழமைதான் விடுமுறை. உலகச் சுற்றுச்சூழல் நாளான ஜூன் 5ஐ ஒட்டி வந்த ஞாயிற்றுக்கிழமையும் வாசிப்பறை பூட்டிக் கிடந்தது. பேப்பர் பார்க்கப் போன என்னை வாசலிலேயே மறித்தது இருபதடி ஃபிளெக்ஸ். ‘இயற்கையைக் காக்கும் எங்கள் இமயமே, வருக!’ இமயம் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தது. அந்தச் சிரிப்பு மெயின் ரோடு வரை தெரியவேண்டுமே! வாசல் வேப்பமரத்தின் ஒரு பக்கக் கிளைகளை ராத்திரியோடு ராத்திரியாகக் கழித்துவிட்டிருந்தார்கள். வெட்டிய இடத்தில் ஈரம்கூடக் காயவில்லை.

நூலகர் ஓடி வந்தார். “இன்னிக்குப் பேப்பர் கிடையாது சார். சுற்றுச்சூழல் கண்காட்சி. உள்ள வாங்க, டீ சாப்டுட்டுப் போங்க.”

டீ வந்தது, பேப்பர் கப்பில். பேப்பர் என்பது பெயருக்குத்தான், உள்ளே பூசியிருப்பது பிளாஸ்டிக். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்ட 14 பொருள்களில் அதுவும் ஒன்று. நான் ஓய்வு பெற்றவன், வேறு வேலை இல்லை. எண்ண ஆரம்பித்தேன்.

பந்தல் முழுக்கத் தோரணமாகப் பிளாஸ்டிக் கொடிகள்: இரண்டு. சிற்றுண்டி மேசைமேல் உருவி விரிக்கும் பிளாஸ்டிக் தாள்: மூன்று. பொங்கல் வைத்துக் கொடுத்த தெர்மாகோல் தட்டு: நான்கு. பொட்டலத்துக்குள் இட்லியைச் சுற்றிய பிளாஸ்டிக் தாள்: ஐந்து. ஆறாவதுதான் விழாவின் நாயகன், மஞ்சப்பை. அரசாங்கம் 2021இல் ‘மீண்டும் மஞ்சப்பை’ என்று கொண்டுவந்தது துணிப்பையை. இங்கே வரிசையில் நிற்கவைத்துக் கொடுத்ததைத் தடவிப் பார்த்தேன். ஊடும் இல்லை, பாவும் இல்லை. வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பையின் ஒரு மூலையில் தீக்குச்சியைக் காட்டினேன். சுருண்டு, உருகி, சொட்டியது. நெய்யாத பாலிபுரொப்பிலீன். தடைப் பட்டியலில் அதுவும் பெயரோடு இருக்கிறது. ஃபிளெக்ஸுக்கு அந்தப் பட்டியலில் இடம் கிடைக்கவில்லை. எப்படிக் கிடைக்கும்? பட்டியல் போடுகிறவர்களின் முகமெல்லாம் அதில்தானே இருக்கிறது.

காற்று மாசு அரங்குக்குப் பின்னால் டீசல் ஜெனரேட்டர். பிள்ளைகள் இருமிக்கொண்டே விளக்கம் சொன்னார்கள். இமயம் ஒன்றே முக்கால் மணி நேரம் தாமதம். வந்தது, பாலியஸ்டர் பொன்னாடைகளைத் தோள் கொள்ளாமல் வாங்கிக்கொண்டது, உறுதிமொழியைப் படித்தது. படித்த தாளைக்கூட லேமினேட் செய்திருந்தார்கள். வருஷா வருஷம் ஒரே குழியில் மரம் நடும் பழைய ஜோக்கை நான் சொல்லப்போவதில்லை. இங்கே குழியே கிடையாது. நர்சரியிலிருந்து வாடகைக்கு வந்த தொட்டிச் செடிகள், சாயங்காலம் அதே குட்டியானையில் ஏறித் திரும்பிப் போயின.

பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் எங்களுக்குக் கூப்பிடு தூரம். 2022இல் ராம்சர் என்னும் சர்வதேச ஈரநிலப் பட்டியலில் ஏறியது. பெருங்குடிக் குப்பைமேட்டைப் பல காலமாக மடியில் சுமப்பது. துருவக் கரடிக்கு ஒரு அரங்கு இருந்தது. இந்தச் சதுப்பு நிலத்துக்கு ஒரு அட்டைகூட இல்லை. மேடைத் திரையின் அடியைப் பார்த்ததும் காரணம் புரிந்தது. உபயம்: ஓர் அடுக்குமாடிக் கட்டுமான நிறுவனம். பக்கத்திலேயே அவர்களின் ஸ்டால், ‘நீர்நிலை பார்த்த வீடுகள்’. கட்டி முடிக்கும்போது பார்ப்பதற்கு நீர்நிலை இருக்குமா என்று கேட்டேன். பிரவுச்சரில் இருக்கிறது சார் என்றான் அந்தப் பையன்.

இதெல்லாம்கூடச் சிரித்துவிட்டுப் போகக்கூடியதுதான். வயிறு எரிந்தது ‘மறுபயன்பாடு’ அரங்கில். கொட்டாங்குச்சியில் ஆமை, பழைய சிடியில் மயில். அந்த மேசை போட்ட இடத்தில் முந்தின நாள் வரை நாவல் அலமாரி இருந்தது. புத்தகங்கள் எங்கே? பின்பக்கச் சன்ஷேடுக்குக் கீழே, சணல் கயிற்றில் கட்டி, சுவரோரம். கட்டுக்குக் கட்டு பைண்டிங் விட்டவை. ஒன்றை உருவிக் கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். தேதிச்சீட்டில் ஊதா முத்திரைகள் ஒன்றன்மேல் ஒன்றாக. எண்ணினேன்: 41. ஒரே புத்தகத்தை 41 பேர் எடுத்துப் போய்ப் படித்துத் திருப்பிக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். மறுபயன்பாடு என்றால் என்னவென்று அறியாத மடையர்கள் அதை வெளியே தள்ளிவிட்டு, அந்த இடத்தில் கொட்டாங்குச்சி ஆமைக்கு முதல் பரிசு கொடுத்தார்கள்.

பைண்டிங் போடப் பணம் இல்லையாம். ஏன் இல்லை? 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சொத்து வரியோடு நூலக வரியையும் நாம் கட்டுகிறோம், ரூபாய்க்கு 10 பைசா. உள்ளாட்சி அதை வசூலித்து நூலக ஆணைக்குழுவிடம் ஒப்படைக்க வேண்டும். நாம் ஒரு தவணை தவறினால் நோட்டீஸ் வரும். அவர்கள் வருஷக்கணக்காகப் பாக்கி வைத்தால் அதற்குப் பெயர் நிர்வாகக் காரணம். நம்மிடம் வாங்கிய 10 பைசாவைக் கையில் வைத்துக்கொண்டு, நம் நூலகத்துக்கே வந்து, சிக்கனமாக வாழுங்கள் என்று மைக்கில் சொல்லிவிட்டுப் போகிறார்கள். நாமும் கைதட்டினோம். நானும்தான்.

அடுத்த வாரம் கோடை மழை. நூலகத்துக் கூரை எப்போதும்போல அறிவியல் அலமாரி மேலேயே ஒழுகியது. நான் போனபோது நூலகரும் வாட்ச்மேனும் மொட்டை மாடியில் அந்த இருபதடி ஃபிளெக்ஸை விரித்து நான்கு மூலைக்கும் செங்கல் வைத்துக்கொண்டிருந்தார்கள். கண்காட்சியில் உருப்படியான ஒரே மறுபயன்பாடு அதுதான். முகம் வானத்தைப் பார்த்துச் சிரித்தது.

“கவுத்துப் போட்டுடுங்கம்மா, யாராவது போட்டோ எடுத்துப் போட்டா உங்களுக்குத்தான் மெமோ வரும்” என்றேன்.

“இருக்கட்டும் சார்” என்றார் அவர், புடவையில் கையைத் துடைத்துக்கொண்டே. “கொஞ்ச நாள் அவரும் நனையட்டும்.”