வெயிலில் ஓடும் வைப்பர்: சேரப்பணஞ்சேரிச் சாலைக் குறியியல் – ஓர் ஆய்வு

1. ஆய்வுக் களம்

வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில், படப்பையைத் தாண்டி ஒரகடத்துக்கு முன்னால் வருவது சேரப்பணஞ்சேரி. இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் ஹூண்டாய் கார்கள் உருவாகின்றன. ஒரகடத்தில் 2010இல் ரெனோ–நிசான் வந்தது, 2012இல் பாரத் பென்ஸ் லாரி வந்தது. இவற்றோடு வந்த கொரியர், ஜப்பானியர், ஜெர்மானியரில் பெரும்பாலோருக்குக் கம்பெனி டிரைவர் உண்டு. அவருக்கு ஞாயிறு லீவு கொடுத்துவிட்டு, மாமல்லபுரம் பார்க்கத் தாமே ஸ்டியரிங்கைப் பிடித்துக் கிளம்புகிறவரே இந்த ஆய்வின் பொருள்.

2. முன்னோர் கருத்தும் மறுப்பும்

இடப்பக்கம் ஓட்டப் பழகுவதுதான் அந்நியருக்குக் கஷ்டம் என்பது பழைய கொள்கை. சுவீடன் 1967 செப்டம்பர் 3 அன்று இடமிருந்து வலத்துக்கு மாறியது. ஒகினாவா 1978 ஜூலை 30 அன்றும், சமோவா 2009 செப்டம்பர் 7 அன்றும் வலமிருந்து இடத்துக்கு மாறின. ஊரே ஒரே நாளில் மாற முடிந்ததைத் தனி மனிதர் கற்க எத்தனை நாளாகும்? தவிர, நம் களத்தில் எந்தப் பக்கம் ஓட்டுவது என்பது அடுத்த யூ-டர்ன் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. தூரம் அதிகமென்றால் பைக்குகள் ராங் சைடில்தான் வரும்.

3. கண்டறிந்தவை

அ) வைப்பர். கொரியாவில் ஓடும் காரில் இண்டிகேட்டர் தண்டு ஸ்டியரிங்கின் இடப்பக்கம். அதே கம்பெனி இங்கே விற்கும் காரில் வலப்பக்கம். ஆகவே சித்திரை வெயிலில், ஒரு சொட்டு மழையில்லாத வேளையில், ஒரகடம் சந்திப்பில் ஒரு காரின் வைப்பர் கறக் கறக்கென்று கண்ணாடியைத் தேய்த்தால், உள்ளே இருப்பவர் திரும்ப நினைக்கும் கொரியர் என்று கொள்க. ஜப்பானில் தண்டு வலப்பக்கமே என்பதால் ஜப்பானியர் இதில் தப்பிவிடுவார்.

ஆ) நாலு விளக்கு. அவர் அகப்படுவது இங்கே. வழிவிட்டவருக்கு நாலு இண்டிகேட்டரையும் சேர்த்துச் சிமிட்டி நன்றி சொல்வது ஜப்பானிய வழக்கம், கொரியரிடமும் உண்டு. நம்மூர்ச் சந்திப்பில் அதற்கு ‘நான் நேராப் போறேன்’ என்று பொருள். ஜப்பானியர் நன்றி சொல்லிவிட்டு இடப்பக்கம் ஒடிக்க, பின்னால் வந்த ஷேர் ஆட்டோக்காரர் அவரை வாயாரத் திட்டுகிறார்.

இ) டிம்–பிரைட். ஜப்பானிலும் இங்கிலாந்திலும் எதிர்வண்டி லைட்டை அடித்துக் காட்டினால் பெரும்பாலும் ‘நீங்க முதல்ல போங்க’ என்பார்கள். இங்கே கண்டெய்னர் லாரி அடித்தால் ‘நான் வர்றேன், நீ நில்லு’. மூன்றிலும் உயிருக்கு உலை வைப்பது இதுவே.

ஈ) லாரியின் வலது இண்டிகேட்டர். இதற்கு நான்கு உரைகள் வழங்குகின்றன: வலப்பக்கம் திரும்பப் போகிறேன், ஓவர்டேக் பண்ணிக்கோ, ஓவர்டேக் பண்ணாதே, வாலாஜாபாத்தில் போட்டதை அணைக்க மறந்துவிட்டேன். எது சரியென்று கிளீனர் வெளியே நீட்டும் கையைப் பார்த்தே துணிய வேண்டும்.

4. டீக்கடை மறுப்பு

இம்முடிவுகளைக் களத்து டீக்கடையில் வைத்தபோது எழுந்த ஒரே ஆட்சேபம்: “அவராச்சும் வைப்பரைப் போடுறார் சார். நம்மாளு எதைப் போடுறான்?”

5. முடிவு

ஆட்சேபம் ஏற்கப்பட்டது. 2017ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள் இண்டிகேட்டரைத்தான் சொல்கின்றன, வைப்பரைச் சொல்லவில்லை. ஆயினும் இச்சாலையில் இண்டிகேட்டர் எரியும் வண்டி திரும்பலாம், திரும்பாமலும் போகலாம். வெயிலில் வைப்பர் ஓடும் வண்டி நிச்சயம் திரும்பும். எனவே கோடையில் மட்டுமாவது, உள்ளூர் ஓட்டுநர்களும் திரும்புமுன் வைப்பர் போடுமாறு சட்டத்தைத் திருத்த இவ்வாய்வு பரிந்துரைக்கிறது. மழைக்காலத்துக்கான தீர்வு அடுத்த கட்டுரையில்.