மாப்பிள்ளை தயார், தாது வரவில்லை

எண்ணூர்த் துறைமுகத்துக்குப் பக்கத்து அத்திப்பட்டு என்றதும், "சிட்டிசன் படத்துல காணாமப் போச்சே, அந்த ஊரா?" என்று கேட்காத ஆள் இன்னும் பிறக்கவில்லை. அது அத்திப்பட்டி, ஐயா! இங்கே காணாமல் போனது இரும்புத்தாது.

ஒலிம்பிக்ஸ் நடத்த சீனா இரும்பை அள்ளித் தின்ற காலம். கர்நாடகத்தின் பெல்லாரியில் மண்வெட்டி வைத்திருந்தவனெல்லாம் மகாராஜா. அன்றைய கர்நாடக அமைச்சர், பெல்லாரிச் சுரங்க முதலாளி ஜனார்த்தன ரெட்டி லோக் ஆயுக்தாவுக்குக் கொடுத்த சொத்துக் கணக்கில் தங்க நாற்காலியே இருந்தது, விலை 2.2 கோடி. மலையை வெட்டிய வேகத்தில் ஆந்திர எல்லையிலிருந்த சுக்கலம்மா கோயில் வெடியில் போனது. சாமிக்கே பட்டா செல்லவில்லை! எல்லைக் குறிகளும் போயின. 2010-ல் பேலேகேரித் துறைமுகத்தில் அதிகாரிகள் பறிமுதல் செய்து வைத்த லட்சக்கணக்கான டன் தாதுகூடக் கப்பலேறிவிட்டது. கோழி திருடுகிறவன் துண்டுக்குள் மறைப்பான். இவர்கள் எதற்குள் மறைத்தார்களோ!

அந்த ஆண்டு ஜூலையில் அமெரிக்கா ஒரு சட்டம் போட்டது. காங்கோ பக்கத்து வெள்ளீயம், டான்டலம், தங்கமெல்லாம் எங்கிருந்து வந்தன, காசு எந்தத் துப்பாக்கிக்காரன் கைக்குப் போனது என்று கம்பெனிகள் கணக்குச் சொல்ல வேண்டும். பெல்லாரிக்குத் துப்பாக்கி தேவைப்படவில்லை, பர்மிட்டே போதும். அதே ஜூலையில் கர்நாடகம் தாது ஏற்றுமதியைத் தடுத்தது. அடுத்த ஜூலையில் லோக் ஆயுக்தா சந்தோஷ் ஹெக்டேயின் சுரங்க ஊழல் அறிக்கை வந்த இரண்டாம் நாள், உச்ச நீதிமன்றம் பெல்லாரியில் வெட்டுவதையே நிறுத்தியது.

அப்போதெல்லாம் சென்னைத் துறைமுகத்தை ஒட்டிய ராயபுரத்தில் வெள்ளை வேட்டி காயப்போட்டால் நிலக்கரிக் கருப்பும் தாதுச் சிவப்பும் படிந்து கட்சி வேட்டியாகிவிடும். புழுதிச் சரக்கை எண்ணூருக்குக் கொண்டுபோ என்று 2011 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. எண்ணூர்க்காரர்கள் வேட்டி கட்டுவதில்லை போலும். அங்கே, இன்றைய காமராஜர் துறைமுகத்தில், பெல்லாரித் தாதுவை ஆண்டுக்கு 60 லட்சம் டன் ஏற்ற ஒரு முனையம் மாப்பிள்ளைக் கோலத்தில் நின்றது. அத்திப்பட்டுக்குப் பக்கத்து ஊரின் பெயர் புழுதிவாக்கம். பெயர்ப் பொருத்தம் பத்துக்குப் பத்து. செப்டம்பரில் பெண் வீட்டுப் பெரியவர் ரெட்டியை சி.பி.ஐ. கூட்டிக்கொண்டு போனது.

கடற்காற்றில் காத்திருந்த மாப்பிள்ளைக்குக் கிடைத்த இரும்பெல்லாம் மேலே பிடித்த துருதான். கடைசியில் அவரை நிலக்கரிக்குக் கட்டிவைக்க முடிவானது. ஏற்றுமதித் தடையை உச்ச நீதிமன்றம் 2022 மே மாதம் நீக்கியது. ஆனாலும் அத்திப்பட்டுக் கொடிக்கயிற்றில் சிவப்பு விழவே இல்லை, கருப்பு மட்டும்தான்.